மறைக்காத கலம்: தமிழர் வாழ்வில் தட்டும் தாம்பாளமும்

விழா மலருக்குக் கட்டுரை கேட்டால் பெரிய பொருளாகப் பார்த்து எழுதுவதுதான் வழக்கம். போயும் போயும் தட்டைப் பற்றியா என்று கேட்பவர்கள் விழா மேடையை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். வாசலில் சந்தனமும் கற்கண்டும் தட்டில் இருந்துதான் நம்மை வரவேற்கின்றன. பொன்னாடை தட்டில் வருகிறது, நினைவுப் பரிசும் தட்டில் வருகிறது. மலரின் முதற்படிகூட வண்ண நாடா கட்டித் தட்டில் வைக்கப்பட்டுத்தான் வெளியிடுபவர் கைக்குப் போய்ச் சேர்கிறது. தட்டு இல்லாமல் நம் ஊரில் எந்தச் சபையும் நடப்பதில்லை. ஆனால் தட்டை யாரும் பார்ப்பதில்லை. அதன்மேல் இருப்பதைத்தான் பார்க்கிறோம்.

நம் வீட்டுக் கலங்களை இரண்டு வகையாகப் பிரித்துவிடலாம். குடம், பானை, அண்டா, தூக்கு, சம்படம் எல்லாம் ஆழமுள்ளவை. அவை சேர்த்து வைப்பதற்கானவை. மூடியைப் போட்டுவிட்டால் உள்ளே என்ன இருக்கிறது, எவ்வளவு இருக்கிறது என்பது வீட்டுக்காரருக்கு மட்டுமே தெரியும். தட்டு, தாம்பாளம், முறம், பலர் சேர்ந்துண்ணும் சகன் ஆகியவற்றுக்கு ஆழம் கிடையாது. அவற்றில் எதையும் சேமிக்க முடியாது. அவற்றில் வைத்த பொருள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது, அல்லது பிரிக்கப்படுகிறது, அல்லது பங்கிடப்படுகிறது. அது நடக்கும்போது அத்தனை கண்களும் பார்க்கின்றன. கொடுக்கல் வாங்கலைச் சபை அறியச் செய்வதற்கு மனிதன் கண்டுபிடித்த கலம் தட்டு. அதன் பெருமையும் அதனால் வரும் சங்கடமும் இந்த ஒரு குணத்திலிருந்தே பிறக்கின்றன.

முறம் செய்யும் வேலை

முறம் என்றதும் மேடைப் பேச்சாளர்களுக்கு அதனால் விரட்டப்பட்ட புலி நினைவுக்கு வந்துவிடும். சங்கப் புலவர்கள் யானையின் காதுக்கு அதை உவமை ஆக்கினார்கள். ஆனால் முறத்தின் உண்மையான திறமை உமியோடும் கல்லோடும் நடத்தும் போரில் இருக்கிறது. மூன்று பக்கம் விளிம்பு, ஒரு பக்கம் திறப்பு: அதன் வடிவம் அவ்வளவுதான். வட மாவட்டங்களில் மூங்கில் பிளாச்சில் பின்னுவார்கள். தென் மாவட்டங்களில் அதுவே சுளகு, பேச்சில் சொளகு. பனை வளம் மிகுந்த யாழ்ப்பாணத்தில் சுளகும் பனையோலையில்தான் உருவாகிறது. புதிய மூங்கில் முறத்தை அப்படியே கையாள மாட்டார்கள். சாணம் மெழுகிக் காயவைப்பார்கள். அல்லது ஊறவைத்த காகிதத்தையும் வெந்தயத்தையும் சேர்த்தரைத்துப் பூசுவார்கள். பின்னலின் கண்கள் அடைபட்டால்தான் தினையும் எள்ளும் ஒழுகாது, மூங்கிலும் நாள்பட உழைக்கும்.

பழகிய கையில் முறம் இரண்டு வேலைகள் செய்கிறது. புடைக்கும்போது தானியம் மேலே எழும்பி விழுகிறது. கனமான மணி நேராக முறத்துக்கே திரும்ப, காற்றில் தங்கும் உமி திறந்த வாய் வழியாக வெளியே பறக்கிறது. கொழிக்கும்போது முறம் பக்கவாட்டில் அசைகிறது. பொடியான குருணை மணிகளின் இடுக்குகள் வழியே அடிக்கு இறங்க, முழு அரிசி மேலே வருகிறது. பல அளவு மணிகள் கலந்த குவியலைக் குலுக்கினால் பெரியது மேலேறுவது ஏன் என்று இயற்பியலார் இன்றும் ஆராய்கிறார்கள். திண்ணையில் உட்கார்ந்து ஊர்க்கதை பேசியபடி, முறத்தைப் பார்க்காமலேயே அதைச் செய்து முடித்த பெண்களுக்கு அந்த ஆராய்ச்சி தேவைப்படவில்லை.

கல் நீக்கிய அரிசி மூட்டையில் வரத் தொடங்கியதும் முறம் பரணுக்குப் போய்விட்டது. ஆனால் அது ஒழிந்துவிடவில்லை. அரிசி ஆலையில் கல் பிரிக்கும் இயந்திரத்தைத் திறந்து பார்த்தால் உள்ளே இருப்பதும் சாய்ந்து அதிரும் ஒரு தட்டுதான். அதன் துளைகள் வழியே கீழிருந்து காற்று ஊதுகிறது. இலேசான அரிசி காற்றில் மிதந்து சரிவில் இறங்கிவிட, கனமான கல் தட்டோடு ஒட்டி மேல்பக்கம் நகர்ந்து தனியே விழுகிறது. பாட்டியின் மணிக்கட்டு மோட்டாருக்கு மாறியிருக்கிறது, தத்துவம் மாறவில்லை.

கல்லில் ஏறிய தட்டம்

கொடையைத் தட்டில் வைத்துக் காட்டும் மனம் எவ்வளவு பழையது என்பதற்குத் தஞ்சைப் பெரிய கோயிலே சான்று. 985 முதல் 1014 வரை ஆண்ட முதலாம் ராஜராஜன் எடுப்பித்த அந்தக் கோயிலின் கல்வெட்டுகள், மன்னனும் அவன் தமக்கை குந்தவையும் தேவியரும் கொடுத்த பொன், வெள்ளிக் கலங்களை வரிசையாகப் பதிவு செய்திருக்கின்றன. தட்டமும் தளிகையும் அந்தப் பட்டியலில் உண்டு. கலங்களை ஆடவல்லான் என்னும் எடைக்கல்லால் நிறுத்து, கழஞ்சும் மஞ்சாடியுமாக நிறையைச் சொல்லியிருக்கிறார்கள். கொடுத்தவர் யார், கொடுத்தது என்ன, அதன் எடை எவ்வளவு என்ற மூன்றும் கல்லில் ஏறிய பிறகுதான் கொடை முழுமை பெறுகிறது. கலத்தை ஒருநாள் எடுத்துவிடலாம், உருக்கியும் விடலாம். கோயிலின் அடித்தளத்தில் உள்ள கணக்கை அப்படிச் செய்ய முடியாது. அந்தக் கல்வெட்டுகளைக் கல்வெட்டறிஞர் ஹுல்ட்ஷ் படியெடுத்து 1891 முதல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியில் வெளியிட்டதால்தான் இன்று நாம் அந்தத் தட்டங்களைப் பற்றிப் பேச முடிகிறது.

அதே தஞ்சையில் பிற்காலத்தில் தட்டு வேறொரு அவதாரம் எடுத்தது. இரண்டாம் சரபோசி மன்னர் காலத்தில், அதாவது 1798க்கும் 1832க்கும் இடையில், அரண்மனைக் கைவினைஞர்கள் உருவாக்கியதாக மரபு சொல்லும் தஞ்சாவூர்க் கலைத்தட்டு இது. மூன்று தொழிலாளர்களின் கை பட்டால்தான் ஒரு தட்டு முழுமையாகும். கனமான உலோக வேலை செய்பவர் அடித்தட்டைத் தட்டி எடுப்பார். அச்சின்மேல் வெள்ளித் தகட்டை வைத்து அடித்து, தெய்வ உருவத்தையும் பூவேலையையும் புடைத்தெழச் செய்வது நகைத் தொழிலாளியின் பங்கு. புடைப்பின் உட்குழிவை அரக்கால் நிரப்பித் தட்டில் பதித்து, ஓரங்களை உளியால் தட்டி இறுக்குவது மூன்றாமவர் வேலை. செம்பின் சிவப்பும் பித்தளையின் மஞ்சளும் வெள்ளியின் வெண்மையும் ஒரே வட்டத்தில் சேர்ந்துவிடும். புவிசார் குறியீடு பெற்ற இந்தத் தட்டில் யாரும் எதையும் வைத்துக் கொடுப்பதில்லை. தட்டையே கொடுக்கிறார்கள். மேடையில் கைதட்டலோடு வாங்கி, வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சுவரில் மாட்டிவிடுகிறார்கள். ஏந்துவதற்குப் பிறந்த கலம் தானே காட்சிப் பொருளாகிவிட்டது.

பித்தளைத் தாம்பாளத்துக்கு அரங்கிலும் ஓர் இடம் உண்டு. கூச்சிப்பூடி ஆட்டத்தில் தரங்கம் என்ற உருப்படி வரும். ஆடுபவர் தாம்பாளத்தின் விளிம்பில் பாதங்களைப் பதித்து, தாளத்துக்கேற்ப அதை நகர்த்தியபடியே ஆட வேண்டும். கலை ஆந்திரத்தினுடையது என்றாலும், அதற்குப் பாடல் தந்த கிருஷ்ணலீலா தரங்கிணியை இயற்றிய நாராயண தீர்த்தர் வாழ்ந்தது தஞ்சை மாவட்டத்து வரகூரில்.

"தட்டு மாத்தியாச்சா?"

நிச்சயதார்த்தத்துக்குத் தாமதமாக வருகிற உறவினர் செருப்பைக் கழற்றும்போதே கேட்கும் கேள்வி இது. இல்லை என்றால் நிம்மதியாக உள்ளே வந்து உட்காருவார். இரு வீட்டுப் பெரியவர்களும் எதிரெதிரே அமர, திருமண ஓலை வாசித்து முடிந்ததும் எல்லோரும் எழுந்து நிற்கிறார்கள். வெற்றிலை, பாக்கு, மஞ்சள், தேங்காய், பழம், பூ, புடவை என்று நிறைந்த தாம்பாளத்தை இவர் இரு கையாலும் நீட்ட, அவர் இரு கையாலும் வாங்குகிறார். பிறகு அவர் நீட்ட இவர் வாங்குகிறார். மாற்றும்போது ஒரு வெற்றிலை சரிந்தாலும் நாலு கைகள் பாய்ந்து பிடிக்கும். அதுவரை அந்தச் சம்பந்தம் பேச்சு. அதன்பின் அது வாக்கு. கையெழுத்தும் முத்திரையும் இல்லாமல், சபை பார்த்தது என்ற ஒரே பலத்தில் நிற்கும் ஒப்பந்தம் இது.

தாம்பாளத்துக்கு எழுதாத சட்டங்கள் பல உண்டு. வரிசைத் தட்டுகள் ஒற்றைப்படையில்தான் இருக்க வேண்டும்: ஐந்து, ஏழு, ஒன்பது, பதினொன்று. ஒரு கையால் நீட்டக் கூடாது. அடுத்த வீட்டிலிருந்து பலகாரம் வந்த தட்டை வெறுமனே திருப்பித் தரக் கூடாது. இரண்டு பழமோ ஒரு கை சர்க்கரையோ வைத்துத்தான் அனுப்ப வேண்டும். இந்தக் கடைசிச் சட்டத்துக்குள் ஒரு பொருளாதாரமே ஒளிந்திருக்கிறது. ஒரு வீடு கொடுத்துக்கொண்டே இருக்க, மற்றொரு வீடு வாங்கிக்கொண்டே இருக்கும் நிலையை அது வரவிடுவதில்லை.

சித்திரை முதல் நாள் கொங்கு நாட்டிலும் தென் மாவட்டங்களிலும் தாம்பாளத்தில் பழங்களோடு பொன்னும் கண்ணாடியும் வைத்து, கண் விழித்ததும் கனி காண்கிறார்கள். ஆரத்தித் தட்டில் மஞ்சள் நீரில் சுண்ணாம்பு பட்டதும் குபீரென்று செக்கச் சிவக்கிறது. மஞ்சளில் உள்ள குர்க்குமின் காரத்தன்மையில் நிறம் மாறும் என்பது வேதியியல் விளக்கம். திருஷ்டி கழியும் என்பது வீட்டு விளக்கம். யாழ்ப்பாணத்துக் கல்யாண வீடுகளில் ஆலாத்தித் தட்டத்தில் வாழைப்பழத் துண்டுகளைப் பரப்பி, அவற்றில் திரி குத்தி ஏற்றுவார்கள்.

காட்டுவதற்கென்றே பிறந்த கலம் சில நேரம் எல்லை மீறிக் காட்டிவிடுகிறது. மண்டப வாசலிலிருந்து மேடை வரை நீளும் சீர்வரிசைத் தட்டுகளை எண்ணுகிற கண்கள் எல்லா ஊரிலும் உண்டு. அலங்கரித்த தட்டுகள் இப்போது வாடகைக்கும் கிடைக்கின்றன. ஆசைப்பட்டுக் கொடுப்பது எது, கேட்டதனால் கொடுப்பது எது என்பதை மட்டும் தட்டு காட்டாது. 1961ஆம் ஆண்டு வரதட்சிணைத் தடைச் சட்டம் வந்தது. 1985இல் அதன்கீழ் வந்த விதிகள், மணமக்களுக்கு வந்த பரிசுகளைப் பட்டியலிட்டு, பொருளின் விவரம், உத்தேச மதிப்பு, கொடுத்தவர் பெயர் ஆகியவற்றை எழுதி வைக்கச் சொல்கின்றன. ராஜராஜன் கல்லில் வெட்டியதைச் சட்டம் தாளில் கேட்கிறது. எத்தனை கல்யாண வீடுகளில் அப்படியொரு பட்டியல் இருக்கிறது என்பதை வாசகரே சொல்லட்டும்.

பின்புறத்தில் ஒரு வரலாறு

பழைய தாம்பாளம் எதையாவது திருப்பிப் பாருங்கள். விளிம்பை ஒட்டிப் புள்ளி புள்ளியாகப் பெயர் வெட்டியிருக்கும். பாத்திரக் கடை வாசலில் சிறு உளியும் சுத்தியலுமாக உட்கார்ந்திருந்தவர் வெட்டிய எழுத்து அது. ஒரு புள்ளிக்கு ஒரு தட்டு என்ற கணக்கில் கை ஓடும். வளைவுகளில் புள்ளிகள் நெருங்கும், நேர்கோட்டில் இடைவெளி விழும். 'ற'வும் 'ஞ'வும் அவருடைய பொறுமையைச் சோதித்த இடங்கள் இப்போதும் தெரியும். கொடுத்தவர் பெயர், ஊர், மணநாள், 'அன்பளிப்பு' என்ற சொல். சிலவற்றில் முதலெழுத்துகள் மட்டும். இன்று மின்கருவி அதே வேலையைக் 'கிர்ர்' என்ற ஒரே இழுப்பில் முடித்துவிடுகிறது. எழுத்து ஓடுகிறது, புள்ளி போய்விட்டது.

பெயர் வெட்டுவதற்குப் பெருமை மட்டும் காரணமில்லை. தெருவில் ஒரு கல்யாணம் என்றால் பத்து வீட்டுத் தாம்பாளங்கள் அங்கே கூடும். விருந்து முடிந்து கழுவிக் கவிழ்த்த பிறகு எது யாருடையது என்று தெரிய வேண்டுமே. பெயர் வெட்டாதவர்கள் அடியில் சிவப்புப் பெயிண்டால் ஒரு பொட்டு வைத்திருப்பார்கள். இரவல் கொடுத்து வாங்குவதற்கு அந்தப் பொட்டே பத்திரம்.

பித்தளையைப் புளி போட்டுத் தேய்த்த தலைமுறை எவர்சில்வருக்கு மாறியதற்கு முதல் காரணம் உழைப்பு மிச்சம். செம்பும் துத்தநாகமும் கலந்த பித்தளை காற்றிலேயே கறுக்கும். புளியின் அமிலம் அந்தக் கறையைக் கரைத்து எடுக்கும். ஈயம் பூசாத பித்தளையில் புளிப்பான உணவை வைக்க முடியாது. இரும்போடு ஏறக்குறைய 18 விழுக்காடு குரோமியமும் 8 விழுக்காடு நிக்கலும் கலந்த எவர்சில்வருக்கு இந்தத் தொல்லைகள் இல்லை. 1980களின் தொடக்கத்தில் சேலம் உருக்காலை துருப்பிடிக்காத எஃகுத் தகடு உருட்டத் தொடங்கியபோது, நம் அடுக்களைகளில் மாற்றம் ஏற்கெனவே பாதி நடந்திருந்தது. பித்தளைத் தாம்பாளம் பூஜை அறைக்கும் மணமேடைக்கும் ஒதுங்கிக்கொண்டது.

அடுக்களையில்

கோயிலும் கல்யாணமும் தட்டின் விசேஷ நாட்கள். அதன் அன்றாடம் அடுக்களையில் இருக்கிறது. அகலம் அதிகம், ஆழம் குறைவு என்ற அமைப்பால் காற்று எளிதாகப் படும், சூடு விரைவாக இறங்கும். கலந்த சாதத்துக்குச் சாதத்தைத் தாம்பாளத்தில் கொட்டி ஆறவிடுவதும், வடகத்தையும் வற்றலையும் தட்டில் பரப்பிக் காயவைப்பதும், துவரம்பருப்பைப் பரப்பிக் கல் பொறுக்குவதும் இதனால்தான்.

மைசூர்பாகு செய்பவருக்குத் தட்டின் ஆழம் எவ்வளவு முக்கியம் என்பது தெரியும். கடலைமாவும் பாகும் நெய்யும் நுரைத்துப் பொங்கி வரும் அந்தக் கணத்தில் நெய் தடவிய தட்டு பக்கத்தில் தயாராக இருக்க வேண்டும். உயர்ந்த விளிம்புள்ள தட்டில் தடிமனாகக் கொட்டினால் நடுவில் சூடு தங்கும். வெளியே மஞ்சளாக இருக்க, நடுப்பகுதி சிவந்து பொரபொரவென்று கண்ணறை விட்டு நிற்கும். அகலத் தட்டில் மெல்லியதாகப் பரப்பினால் நிறம் ஒரே மாதிரி இருக்கும். அந்தச் சிவந்த நடு கிடைக்காது. இளஞ்சூட்டில் வில்லை போட்டுவிட வேண்டும். முழுக்க ஆறிய பிறகு கத்தி வைத்தால் வில்லை தூளாகும்.

துளையிட்ட தட்டுகள் தனி இனம். இட்லித் தட்டின் குழிகளில் உள்ள சிறு துளைகள் ஆவியை அடியிலிருந்து ஏற்றுகின்றன. இலங்கையில் இடியப்பத் தட்டைப் பிரம்பில் பின்னுவார்கள். ஆவி பின்னலூடே புகுந்து இழைகளை வேகவைக்கிறது, நீர் தேங்குவதில்லை.

ஒரே தட்டும் தனித்தட்டும்

காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் விருந்துக்குப் போனவர்கள் சகனை மறக்க மாட்டார்கள். பெரிய வட்டத் தட்டில் சோறும் கறியும் வரும். இரண்டு மூன்று பேர் சுற்றி அமர்ந்து, அவரவர் பக்கத்திலிருந்து எடுத்து உண்பார்கள். இலங்கை முஸ்லிம்களின் விருந்தில் ஒரு தட்டைச் சுற்றி ஆறு பேர் வரை அமர்வதுண்டு. பக்கத்தில் இருப்பவர் செல்வரா ஏழையா என்பதைத் தட்டு கேட்பதில்லை. நல்ல துண்டைப் பக்கத்தவர் பக்கம் தள்ளிவிடுவது அந்தப் பந்தியின் நாகரிகம்.

இதற்கு நேர் எதிரான தட்டும் நம் நாட்டில்தான் இருந்தது, இன்னமும் இருக்கிறது. தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை இருந்ததைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். வீட்டு வேலைக்கு வருபவருக்கென்று கொல்லைப்புறச் சுவரோரம் கவிழ்த்து வைக்கப்பட்ட தனித்தட்டைப் பற்றிக் குறைவாகவே பேசியிருக்கிறோம். அந்தத் தட்டின் பின்புறத்தில் பெயர் வெட்ட வேண்டிய தேவை எழுந்ததே இல்லை. அது யாருடையது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். கலம் மறைக்காது என்றேன். இந்த வெட்கத்தையும் அது மறைக்கவில்லை.

அந்தக் கணக்கை மாற்றியதில் பள்ளிக்கூடத்துத் தட்டுக்குப் பெரும் பங்கு உண்டு. 1956இல் காமராசர் ஆட்சியில் மதிய உணவு, 1982இல் எம்.ஜி.ஆர். ஆட்சியில் சத்துணவு, 2022இல் காலை உணவு என்று திட்டம் விரிந்தது. பையில் சிலேட்டோடு அலுமினியத் தட்டையும் வைத்துக்கொண்டு பிள்ளைகள் பள்ளிக்கு வந்தார்கள். ஒரே வரிசை, ஒரே அண்டா, ஒரே கரண்டி. சமைப்பவர் இன்ன சாதி என்று பிள்ளைகளைச் சாப்பிடவிடாமல் தடுத்த ஊர்களும் உண்டு என்பதைச் சேர்த்துச் சொன்னால்தான் வரலாறு நேர்மையாக இருக்கும். ஆனாலும் ஒரே அண்டாவிலிருந்து சோறு வாங்கிய தட்டுகள் பக்கத்தில் பக்கத்தில் வைக்கப்பட்ட அந்தத் திண்ணை, தமிழ்நாடு கண்ட மிகப் பெரிய பந்தி.

புதிய தட்டுகள்

தட்டின் தொழில் இன்னும் விரிந்துகொண்டுதான் இருக்கிறது. கிருஷ்ணகிரி, தருமபுரிப் பக்கம் பட்டுப்புழுக்களைக் கூடு கட்டுவதற்குச் சந்திரிகை என்னும் மூங்கில் தட்டுகளில் விடுகிறார்கள். தக்காளியும் மிளகாயும் பயிரிடுபவர்கள் 98 குழிகள் கொண்ட குழித்தட்டில் மக்கிய தென்னை நார்க்கழிவை நிரப்பி, குழிக்கு ஒரு விதை ஊன்றுகிறார்கள். ஒவ்வொரு நாற்றும் தன் வேர்ப்பந்தோடு முழுசாக வெளியே வருவதால் நட்ட பின் வாடுவதில்லை. விலை கூடிய வீரிய ஒட்டு விதை வீணாகாததால் செலவும் மிச்சம்.

2019 ஜனவரி 1 முதல் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் 14 வகை நெகிழிப் பொருட்களைத் தமிழக அரசு தடை செய்தபோது பாக்குமட்டைத் தட்டுக்குக் கதவு அகலமாகத் திறந்தது. தோப்பில் தானாக விழும் மட்டையை ஊறவைத்துக் கழுவி, சூடான அச்சில் வைத்து அழுத்தினால் தட்டு. பசையோ பூச்சோ தேவையில்லை. மந்தாரை இலையையும் ஆலிலையையும் ஈர்க்கால் தைத்து உண்ட ஊருக்கு இது புதுமை அல்ல. பழைய வழக்கத்துக்கு ஓர் இயந்திரம் கிடைத்திருக்கிறது.

இவ்வளவும் சொன்ன பிறகு ஒரு வேண்டுகோள். பழைய பித்தளைத் தாம்பாளங்கள் இப்போது வேகமாகப் பழைய பாத்திரக் கடைக்குப் போய்க்கொண்டிருக்கின்றன. அங்கே அவை எடைக்கு எடை. பின்புறத்து எழுத்துக்கு விலை இல்லை. உலைக்குப் போனால் அந்தப் புள்ளியெழுத்தும் போயிற்று. ஊர் வரலாறு எழுதுவோர் கோயில் கல்வெட்டைத் தேடி அலைகிறோம். நம் வீட்டுப் பரணிலோ பாட்டியின் திருமணத் தேதியும், சீர் கொண்டுவந்த தாய்மாமன் பெயரும், இன்று யாரும் சொல்லாத ஓர் ஊர்ப்பெயரும் செப்பேடு போலக் கிடக்கின்றன. விற்பதென்று முடிவு செய்தவர்கள் விற்கட்டும். அதற்கு முன் தட்டைத் திருப்பி, பின்புறத்தில் இருப்பதைப் படித்து, ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வைத்துவிடுங்கள். கைப்பேசியில் ஒரு படமும் எடுத்துக்கொள்ளுங்கள். தஞ்சைத் தட்டங்களுக்கு ஹுல்ட்ஷ் வாய்த்தார். நம் வீட்டுத் தாம்பாளங்களுக்கு நாம்தான்.